கூம்புமலை டிஸ்பென்சரின் லத்தீன்

கூம்புமலைத் தோட்டத்து டிஸ்பென்சர் கணேசமூர்த்தியின் அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்று அவர் உட்காருவதற்கு. மற்றது, தம் முன்னால் யாரும் உட்காரக் கூடாது என்பதைக் காட்டுவதற்கு. இருபது வருடமாக வெறுமையாகக் கிடந்த அந்த நாற்காலிக்கு மாதம் ஒருமுறை பாலிஷ் போடப்பட்டது.

லிந்துலைக்கு மேலே, மேகம் வந்து ஒண்டிக்கொள்ளும் ஒரு மடிப்பில் இருந்தது தோட்டம். அதன் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஒன்றான ஏழாம் லயத்தில் பிறந்து, தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய தகப்பனின் கூலியில் படித்து, கொழும்பில் பயிற்சி முடித்து, பிறந்த இடத்துக்கே மருந்து கொடுக்கத் திரும்பி வந்தவர் அவர். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஆள் கெட்டிக்காரர். புண்ணைப் பார்த்ததும் எத்தனை நாளில் ஆறும் என்பார். அந்த நாளில் ஆறிவிடும். பிரஷர் பார்ப்பதில் அவர் காதுக்கு நிகரான காது அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. இது போதாது என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அனேகமாக அவரேதான். ஆகவே கழுத்தில் டை கட்டினார். ஸ்டெதஸ்கோப்பைக் கோவிலுக்கும் மாட்டிக்கொண்டு போனார். மனைவி ராக்காயியை ராகினி ஆக்கினார்.

"ராக்காயின்னு கூப்பிட்டா எனக்குக் காது கேக்கும்ங்க," என்பாள் அவள். "ராகினின்னா பின்னாடி வேற யாரோ நிக்கிறாங்கன்னு திரும்பிப் பாக்குறேன்."

தொண்ணூற்று நான்காம் வருடத்து மாரியம்மன் திருவிழா மேடையில் கணேசமூர்த்தி நாற்பது நிமிடம் பேசினார். தாம் எழுதும் மருந்துத் துண்டு லத்தீன் மொழியில் இருப்பதையும், அந்த மொழி அறியாதவன் வைத்தியனே அல்ல என்பதையும் பல கோணங்களில் விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் தோட்டப் பள்ளிக்கூட அதிபர் செல்வரத்தினம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். தாம் படித்த கல்லூரியின் பெயரைச் சேர்க்காமல் மழை வரப்போகிறது என்றுகூட அவரால் சொல்ல முடியாது.

"டொக்டர் ஐயா லத்தீனைப் பற்றி நல்லாக் கதைச்சவர்," என்றார் அதிபர். "எங்கட கல்லூரியில் மிஷன் சுவாமிமார் எங்களுக்கு முதல் படிப்பிச்சதே அதைத்தான். ஐயா ஒரேயொரு வினைச்சொல்லை நிகழ்காலத்தில ஓட்டிக் காட்டினால் பிள்ளையளும் கேப்பினம். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள். ஆறே ஆறு சொல்லு. எங்க, சொல்லுங்கோ பாப்பம்."

மைக்கைக் கொண்டுவந்து வாய்க்கு நேரே வைத்தார்கள். கணேசமூர்த்தி தொண்டையைச் செருமினார். தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை செய்தார். சற்று முன்புவரை அது நாற்பது நிமிடம் கட்டாமல் இருந்ததைக் கூட்டம் மறந்திருக்கவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்த சிரிப்பு, மைக் வழியே ஏறி, ஒலிபெருக்கியில் விழுந்து, எதிர்மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிந்துலை பஸ் நிறுத்தத்துக் கடையில் அவர் வாங்கிய இரண்டு வடையைச் சுற்றியிருந்த தாளில், ஆறு ஆறாக அடுக்கிய வினைச்சொற்கள் இருந்தன. கடைக்காரனை விசாரித்தார். தோட்டம் புதிய கம்பெனிக்குக் கைமாறியபோது, பங்களா சமையல்காரன் செல்லசாமி பழைய துரைமார் விட்டுப்போன புத்தகங்களை நிறுத்துப் போட்டிருக்கிறான். அதில் ஒன்று லத்தீன் இலக்கணம். முன்பாதிதான் மிச்சம்; அதை வாங்கிக்கொண்டார். நிகழ்காலம் மட்டும் முழுதாக இருந்தது. இறந்தகாலத்திலும் எதிர்காலத்திலும் ஜனங்கள் கை துடைத்து எறிந்துவிட்டிருந்தார்கள்.

நேசிப்பது, எச்சரிப்பது, ஆள்வது, கேட்பது என்று நான்கு வினைகளை நான்கு குடும்பங்களுக்குத் தலைவராக வைத்திருந்தது புத்தகம். அமோ என்றால் நான் நேசிக்கிறேன். அமாஸ், நீ நேசிக்கிறாய். அமாட், அவன். பிறகு அமாமுஸ், அமாட்டிஸ், அமான்ட் என்று பன்மை. ஆளைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. வினையின் வாலைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். இதில் கணேசமூர்த்திக்கு வியப்பில்லை. 'வருகிறேன்' என்று ஒருவன் சொன்னால், யார் வருவது என்று தமிழிலும் யாரும் கேட்பதில்லை. அவரைத் தூக்கிவாரிப் போட்டது வேறு விஷயம். ஒற்றை ஆளை மரியாதையாக விளிக்க அந்த மொழியில் வழியே இல்லை.

"ராஜாவையும் நீன்னுதான் சொல்லணுமாம்! தொரைக்கும் அதே வாலு, வாசல் கூட்டுறவனுக்கும் அதே வாலு. என்னா பாஷை இது?"

"அதான் அந்த ராஜாங்கள்ல ஒருத்தரும் இப்ப இல்ல போல," என்றாள் ராக்காயி, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எதையும் கத்தித்தான் படித்திருந்தார் அவர். ஆகவே அதிகாலை ஐந்தரைக்கு, டை கட்டிக்கொண்டு, குவாட்டர்ஸ் விறாந்தையில் நின்று கத்தினார். விறாந்தைக்குக் கீழேதான் பெரட்டுக்களத்துக்குப் போகும் பாதை. அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிற ஜனங்கள், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, முன்னால் போகிறவரின் முதுகு தெரியாத பனிமூட்டத்தில் ஏறி வருவார்கள். மேலேயிருந்து, ஆள் தெரியாமல், குரல் மட்டும் விழும்.

"ரெகோ, ரெகிஸ், ரெகிட்! ரெகிமுஸ், ரெகிட்டிஸ், ரெகுன்ட்!"

கடைசிச் சொல்லுக்கு வலது காலால் தரையில் ஓங்கி ஒரு உதை. அது தாளத்துக்கு. கீழே நிற்பவர்களுக்கு அது தெரியாது. முதல் கிழமை நின்று கேட்டார்கள். பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டு கடந்து போனார்கள். வைகாசி முடிவதற்குள் பாதி ஜனம் வடிகால் கானோரமாகச் சுற்றிப் போகத் தொடங்கியது. பாதையில் அந்தச் சொற்களைச் சொல்லி விளையாடிய ஒரு சிறுமியின் வாயிலேயே அவள் தாய் அடித்தாள்.

அந்த மாதங்களில் கணேசமூர்த்தியின் கவனிப்பில் ஒரு கர்ப்பிணி இருந்தாள். ஏழாம் லயத்துப் பேச்சியம்மாவின் மருமகள் சுலக்ஷனா, இருபத்திரண்டு வயது. தலைப்பிள்ளை, ஆறாம் மாதம். கால் வீக்கம், பிரஷர் கொஞ்சம் கூடுதல். புருஷன் ஜீவராஜ் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். தோட்டத்து மருத்துவிச்சி தானே பிரசவ லீவில் போயிருந்தாள். பதில் ஆள் வரவில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை தோறும் சுலக்ஷனா டிஸ்பென்சரிக்கு வருவாள். அவர் அவள் கையில் பட்டியைச் சுற்றி, காற்றடித்து, கண்ணை மூடிக் கேட்பார். அப்படிக் கேட்கும்போது மட்டும் அவர் முகத்தில் பந்தா ஒன்றும் இருக்காது.

"ஒரு செவ்வாய் விட்டாலும் ஆபத்து," என்று பேச்சியம்மாவிடம் சொல்லியிருந்தார். "தலைவலிக்குது, கண்ணு மங்குதுன்னா அடுத்த நிமிஷம் இங்க கொண்டாரணும். இல்லாட்டி வலிப்பு வரும். தாயும் போகும், புள்ளையும் போகும். வெளங்குதா?"

"வெளங்குதுங்கய்யா," என்று கும்பிட்டாள் பேச்சியம்மா. அப்போது வெளங்கத்தான் செய்தது.

பேச்சியம்மாவின் அண்ணன் கந்தப்பன், கொழுந்து மலையில் கங்காணி. ஆனி மாதத்து ஒரு காலை, அட்டை கடித்துப் புண்ணான காலோடு வந்த பெண்ணுக்கு கணேசமூர்த்தி கொடுத்த லீவுத் துண்டைப் பிடித்துக்கொண்டு கந்தப்பன் டிஸ்பென்சரிக்குள் வந்தார்.

"என்னங்க டாக்டரு, இந்த நகக்கீறலுக்கு மூணு நாளு லீவா? கொழுந்த நீங்க வந்து எடுப்பீங்களா?"

"கங்காணி, வெளிய போங்க."

"போறேன், போறேன். மேடையில தொறக்காத வாயி இங்க மட்டும் நல்லா தொறக்குது."

வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். கணேசமூர்த்தி எழுந்தார். காதுமடல் சிவந்திருந்தது. சுட்டுவிரலைக் கந்தப்பனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மோனியோ! மோனேஸ்! மோனெட்!"

நான் எச்சரிக்கிறேன், நீ எச்சரிக்கிறாய், அவன் எச்சரிக்கிறான். எச்சரிக்கை யாருக்கு என்பதில் கொஞ்சம் குழப்பம் இருந்தாலும் சத்தத்தில் குறைவில்லை. சிரிப்பு நின்றது. கந்தப்பன் இரண்டு அடி பின்வாங்கினார்.

நான்காம் நாள் காலையில் கந்தப்பன் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தார். பாதி முகம் தொங்கிக் கிடந்தது. இடது கண் மூட மறுத்தது.

குளிர்காற்றில் முகநரம்பு வீங்கினால் வாய் கோணும். இரண்டு மூன்று மாதத்தில் தானாக நேராகும். கணேசமூர்த்திக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் கந்தப்பன் அவரிடம் வரவில்லை. பேச்சியம்மா வீட்டில் கர்ப்பூரம் கொளுத்தி, கோடாங்கி சோலைமலையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சோலைமலை உடுக்கை அடித்துக் குறி சொல்பவர். மூன்று தோட்டத்துக்கு அவர்தான். அவருக்கும் ஒரு ஸ்டெதஸ்கோப் கிடைத்திருந்தால் கோவிலுக்கு மாட்டிக்கொண்டுதான் போயிருப்பார்.

"மலையாள மந்திரமா இருந்தா நான் ஒரு கட்டுல நிறுத்திப்புடுவேன்," என்றார் சோலைமலை. "இது மலையாளத்துக்கும் அங்கிட்டு. செத்துப்போன வெள்ளக்காரன் பாஷை. மேல வெள்ளக்காரன் கல்லறை இருக்குல்ல? அதப் பாத்துத்தான் நின்னு ஓதுறாரு."

செத்த மொழி என்கிற அளவில் கோடாங்கி உண்மைக்கு மிகவும் கிட்டே வந்துவிட்டார். அது அவருக்கே தெரியாது.

"எடுக்க முடியாதாண்ணே?" என்றாள் பேச்சியம்மா.

"வச்சவருதான் எடுக்கணும். ஓதினத பின்பக்கமா, கடைசியிலேருந்து மொதலுக்கு ஓதணும். வேற யாரு கை வச்சாலும் ரெட்டிப்பா திரும்பும்." சோலைமலை ஒருமுறை உடுக்கையைத் தட்டிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்த சுலக்ஷனாவைப் பார்த்தார். "வயித்துப்புள்ளக்காரி அந்தப் பக்கம் தல காட்டக் கூடாது. மூச்சுல ஏறிரும்."

இதெல்லாம் அன்று மாலையே ராக்காயி மூலம் கணேசமூர்த்திக்கு வந்தது. அவர் பெரிதாகச் சிரித்தார். ராக்காயி சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. எல்லாம் பயந்து போயி கெடக்கு. நாளைக்குப் பெரட்டுக்குப் போயி, இது மந்திரமில்ல, பாடம் படிக்கிறேன்னு சொல்லிருங்க."

"பாடமா? இந்த வயசுலயா? நான் இப்பத்தான் படிக்கிறேன்னு ஊருக்குச் சொல்லணுமா? அந்த யாழ்ப்பாணத்தான் காதுல விழுந்தா அடுத்த திருவிழாவுக்கு என்னையே நாடகமா போட்டுருவான்."

"மானம் போனா வரும்ங்க."

"எங்கேருந்து வரும்?"

அவர் பெரட்டுக்குப் போகவில்லை. ஏனென்றால் இதற்குள் சில மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. அவை அவருக்குப் பிடித்திருந்தன. டிஸ்பென்சரி வரிசையில் சத்தம் இல்லை. கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றினார். பாதையில் எதிரே வந்த ஆட்கள் கானுக்குள் இறங்கி நின்று வழிவிட்டார்கள். இருபது வருடம் டை கட்டியும் கிடைக்காத மரியாதை, மரியாதையே இல்லாத ஒரு பாஷையால் வந்து சேர்ந்தது. விறாந்தையில் அவர் குரல் இன்னும் உயர்ந்தது. கால் உதையும் பலமானது.

ஆடி மாதம் முதல் செவ்வாய் சுலக்ஷனா வரவில்லை. ஏழாம் மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. ராக்காயியை அனுப்பினார். "புள்ள நல்லாருக்கு, அய்யாவுக்குச் செரமம் வேணாம்," என்று வாசலிலேயே சொல்லித் திருப்பிவிட்டாள் பேச்சியம்மா. கதவைப் பாதிதான் திறந்தாளாம். நிலையில் வேப்பிலை கட்டியிருந்ததாம்.

இரண்டாவது செவ்வாயும் போயிற்று.

மூன்றாவது செவ்வாய், பையை எடுத்துக்கொண்டு அவரே இறங்கினார். கூப்பிடாமல் டிஸ்பென்சர் லயத்துக்குப் போவது அந்தத் தோட்டத்தில் அதுவரை நடந்ததில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. லயத்து முனையில் அவர் டை தெரிந்ததும் முதல் காம்பராவின் கதவு சாத்திக்கொண்டது. பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, தாழ்ப்பாள் விழும் சத்தம் கடைசி வரைக்கும் போனது. ஒரு நாய் மட்டும் வெளியே நின்றது. அதையும் யாரோ கையை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கணேசமூர்த்தி அங்கேயே நின்றார். பேச்சியம்மா குடியிருந்த நடுக்காம்பராவின் கதவைத் தட்டி, 'இது வெறும் பாடம், எனக்கு லத்தீன் தெரியாது, அந்தப் புள்ளயோட கையக் காட்டுங்க' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாயில் வார்த்தை தயாராகவே இருந்தது. ஆனால் அத்தனை தாழ்ப்பாளும் தம் ஒருவருக்காக விழுந்ததை நினைத்தபோது, நெஞ்சுக்குள் ஏதோ விறைத்து நிமிர்ந்தது. அது பயமில்லை. அது என்னவென்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே திரும்பி ஏறினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, தொழிற்சாலைச் சங்கு ஊதி முடிந்த கையோடு ராக்காயி ஓடிவந்தாள்.

"என்னாங்க! அந்தப் புள்ளைக்குக் கையி காலு வெட்டி வெட்டி இழுக்குதாம். ராத்திரியே தல வலிக்குதுன்னு அழுதுருக்கு. கோடாங்கிய கூட்டியாந்து வச்சிருக்காங்க!"

அவர் டை கட்டவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடினார். பையில் வலிப்பை அடக்கும் ஊசி இருந்தது. "கொழுந்து லொறிய லயத்துக்கு அனுப்பச் சொல்லு!" என்று திரும்பிப் பார்க்காமல் கத்தினார்.

வாசலில் ஆறேழு பேர் நின்றார்கள். இரண்டு பேர் கையில் கவ்வாத்துக் கத்தி. நடுவில் கோணவாயோடு கந்தப்பன். உள்ளே பலகைக்கட்டில் சுவரில் மோதும் சத்தம் கேட்டது, உடுக்கைச் சத்தமும்.

"வழி விடுங்க கங்காணி. அது நோய். ஊசி போடணும்."

"எடுத்துட்டு உள்ள போங்க," என்றார் கந்தப்பன். பாதி வாயால் பேசியதில் எச்சில் தெறித்தது.

"என்னத்த எடுக்கிறது? ஒண்ணும் வைக்கலிய்யா! அது பாடம். பாஷை. நான் நேசிக்கிறேன், நீ நேசிக்கிறாய்... அவ்வளவுதான் அதுல இருக்கு!"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பெரிய ஆள் ஒருவர் இவ்வளவு மட்டமான பொய் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. பனியில் நின்று, கல்லறையைப் பார்த்து, காலால் தரையை உதைத்து உதைத்துச் சொல்வது நேசிக்கிறேன் என்பதாம்.

கணேசமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை மாதம் தொண்டையில் அடைத்துக் கிடந்தது இப்போது அவிழ்ந்து கொட்டியது. "எனக்கு லத்தீனே தெரியாது! மேடையில பொய் சொன்னேன். வடை சுத்துன பேப்பர்ல படிச்சேன். என்னக் காறித் துப்புங்க, செருப்பால அடிங்க, அந்தப் புள்ளைக்கிட்ட மட்டும் போக விடுங்க!"

உள்ளேயிருந்து சோலைமலையின் குரல் அமைதியாக வந்தது. "வச்சவன் வச்சேன்னு என்னிக்கி ஒத்துக்கிட்டான்? நேரம் போக்குறாரு."

கட்டில் மறுபடி சுவரில் மோதியது. பேச்சியம்மா உள்ளே வீரிட்டாள்.

கணேசமூர்த்தி கண்ணை மூடினார்.

"அமான்ட்," என்றார். "அமாட்டிஸ், அமாமுஸ். அமாட், அமாஸ், அமோ."

கந்தப்பன் அசையவில்லை. "நாலும்."

எச்சரிப்பதைத் தலைகீழாகச் சொன்னார். ஆள்வதற்கு வந்தார். ரெகுன்ட். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முன்பக்கமாகவே படித்த வாய். வியர்வை கண்ணில் இறங்கியது. ரெகுன்ட், ரெகுன்ட் என்று மூன்று தடவை திக்கினார்.

"ரெகிட்டிஸ்," என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கிழவி எடுத்துக் கொடுத்தாள். கொழுந்தெடுக்கும் காளியாயி. "ரெகிட்டிஸ், ரெகிமுஸ். அதுக்கப்பறம் ரெகிட்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கணேசமூர்த்தி திரும்பி அந்த முகங்களைப் பார்த்தார். எல்லோர் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. மூன்று மாதம் காலைதோறும் கேட்டதில் லயத்துக்கே அது மனப்பாடம். தோட்டத்தில் அதைச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரே ஆள் அவர்தான் போலிருந்தது. அவர்கள் உதட்டைப் பார்த்துப் பார்த்து மிச்சத்தைச் சொல்லி முடித்தார்.

கந்தப்பன் வழிவிட்டார். எத்தனை நிமிடம் போயிருந்ததோ.

ஊசி வேலை செய்தது. கொழுந்துச் சாக்குகளின் மேல் அவளைக் கிடத்தி, கணேசமூர்த்தி அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு லொறி போயிற்று. வழியெல்லாம் விரல் அவள் மணிக்கட்டில் இருந்தது. அன்று மதியம் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண். மூச்சில்லை. சுலக்ஷனா பிழைத்தாள்.

பிரஷர் பார்க்காமல் போன மூன்று செவ்வாய்க்கிழமைகள். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். லயத்தில் வேறு கணக்கு இருந்தது.

"ரெண்டுல ஒண்ண எடுத்துக்கிட்டு ஒண்ண விட்டாருடி," என்று பேச்சியம்மா தண்ணீர்ப் பீலியடியில் சொன்னதை ராக்காயி தன் காதால் கேட்டுவிட்டு வந்தாள். கந்தப்பனின் வாய் ஆவணி முதல் கிழமையில் தானாக நேராகத் தொடங்கியது. அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கணேசமூர்த்தி புத்தகத்தை அடுப்பில் போட்டார். விறாந்தையில் நிற்பதை விட்டார். அதற்கும் அர்த்தம் சொன்னார்கள்: இனி வாய்விட்டு ஓத வேண்டியதில்லையாம், மனசுக்குள் நினைத்தாலே போதுமாம்.

ஒரு பின்னேரம் அதிபர் செல்வரத்தினம் வந்தார். குடையை மடக்காமலே உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ஒரு சின்ன அலுவல். கல்விக் கந்தோரில குகநேசன் எண்டு ஒருத்தன் என்ர இடமாற்றக் கடிதத்தை ஒரு வருஷமா மேசைக்குள்ள வச்சிருக்கிறான். அவனுக்கு..." சட்டைப்பையிலிருந்து மூன்று எலுமிச்சம்பழத்தை எடுத்து மேசையில் வைத்தார். "சாகிற அளவுக்கு வேண்டாம். கை மட்டும் கோணட்டும், கையெழுத்துப் போட ஒத்துக்கொள்ளுமட்டும்."

"மாஸ்டர், நீங்க லத்தீன் படிச்சவரு. அது என்னன்னு உங்களுக்கே தெரியும்."

செல்வரத்தினம் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அந்த வகுப்பில என்னை ரெண்டு கிழமைதான் வச்சிருந்தவை. அமோ, அமாஸ், அமாட்டோட வெளிய விட்டிட்டினம். மிச்ச மூண்டும் எனக்குத் தெரியாது. நீங்கள் அண்டைக்கு மூண்டு சொல்லியிருந்தால் போதும் ஐயா, நான் பேசாமல் இருந்திருப்பன்." குரலைத் தாழ்த்தினார். "ஆனால் மிச்ச மூண்டிலதான் விஷயம் இருக்குதெண்டு இப்ப விளங்குது."

அவரை அனுப்பிவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. எலுமிச்சம்பழங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய் பேச்சியம்மா சுலக்ஷனாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இப்போதெல்லாம் ஒருவரும் கிழமை தவறுவதில்லை. வராவிட்டால் என்ன ஆகும் என்று தோட்டத்துக்கே தெரியும். மருந்தைப் பயபக்தியோடு வாங்கிக்கொண்டு போய்க் கானில் கொட்டினார்கள்.

சுலக்ஷனா மெலிந்திருந்தாள். கையை நீட்டினாள். அவர் காற்றடித்து, கண்ணை மூடிக் கேட்டார். பிரஷர் இறங்கியிருந்தது.

"அய்யா," என்றாள் அவள். "நான் ஒழுங்கா வந்துருந்தா புள்ள இருந்துருக்குமா?"

பேச்சியம்மா அவள் தோளை அழுத்திப் பிடித்தாள். கணேசமூர்த்தி எழுந்து போய், இருபது வருடம் பாலிஷ் போட்ட அந்த இரண்டாவது நாற்காலியைத் தூக்கிவந்து அவள் அருகில் வைத்தார்.

"உக்காரும்மா. உக்காரு, சொல்றேன்."

சுலக்ஷனா நாற்காலியைப் பார்த்தாள். யாரையும் உட்காரச் சொல்லாத நாற்காலி. அவள் முகம் வெளிறியது. பேச்சியம்மா நாற்காலிக்கும் மருமகளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"வேணாம்ங்கய்யா. அதுல வேணாம். இன்னும் எடுக்க என்னாங்கய்யா எங்ககிட்ட இருக்கு?" என்று கும்பிட்டபடியே பின்னால் நடந்து, வாசல் வரைக்கும் முதுகைக் காட்டாமல் போனாள். சுலக்ஷனா மட்டும் படியில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் வாய் திறப்பதற்குள் பேச்சியம்மா இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பொழுது சாயும் வேளையில் மூடுபனி கீழேயிருந்து ஏறிவந்தது. ராக்காயி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். ஏழாம் லயத்துப் பக்கமிருந்து உடுக்கைச் சத்தம் கேட்டது. பிறகு சோலைமலையின் கரகரத்த குரல். அதைத் தொடர்ந்து பல குரல்கள் சேர்ந்து.

"மோனியோ, மோனேஸ், மோனெட்! மோனேமுஸ், மோனேட்டிஸ், மோனென்ட்!"

ஒரு பிழையில்லை. கடைசிச் சொல்லுக்குக் கால் உதை மட்டும் பலவாக விழுந்தது.

"எல்லாரும் சேந்து சொல்லுறாங்க," என்றார் கணேசமூர்த்தி. "யாருக்காம்?"

ராக்காயி தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டுப் போய், லயத்தைப் பார்த்த ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருக்குன்னு கேட்டேன், ராக்காயி."

"குளிர் காத்து," என்றாள் அவள். "மூஞ்சிய மூடிக்கிட்டு படுங்க."

வாய் கோணுவது குளிர்காற்றில் முகநரம்பு வீங்குவதால். இருபது வருடத்தில் ஒன்பது பேருக்குப் பார்த்திருக்கிறார்; ஒன்பதும் நேராயின. கணேசமூர்த்தி சுவரில் மாட்டியிருந்த சவரக் கண்ணாடியை இறக்கி விளக்கடியில் கொண்டுபோனார். புருவத்தைத் தூக்கினார். கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். பல்லைக் காட்டினார். எல்லாம் நேராகத்தான் இருந்தது. கண்ணாடியை மாட்டினார். வெளியே குரல்கள் ஆள்வதை முடித்துக்கொண்டு கேட்பதற்குப் போயின.

மறுபடி இறக்கிப் பார்த்தார்.